முளைத்த பிறகு பெய்த பனி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்கிற காரியம், மொட்டை மாடிக்குப் போய்க் கத்தரித் தொட்டியில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் விட்டு எண்ணத் தொடங்குவது. பல் தேய்ப்பதுகூட அதற்குப் பிறகுதான். சூடோ குளிரோ தாங்காமல் விரல் போதும் என்று சொல்கிற வரை எண்ண வேண்டும். முப்பது வந்துவிட்டால் மண் சுகமாக இருக்கிறது என்று பொருள், அதற்கு மேல் எண்ணத் தேவையில்லை. அந்த எண்ணையும், வானம் எப்படி, காற்று எப்படி, எது பூத்தது, எது செத்தது என்பதையும் ஒரு நிமிடத்துக்கு மிகாமல் பேசிக் குழுவில் போடுவேன்.

குழு என்றால் ஐந்து வீடுகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தமிழ் பேச வரும், தொட்டியில் ஏதாவது வளர்க்காமல் இருக்க முடியாது, இவை இரண்டும்தான் எங்களுக்குப் பொது. குளிர் நாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். முட்டைக்கோஸில் கெட்டிக்காரர் என்பதால் முட்டைக்கோஸ் டீச்சர். பாலைவன நகரம் ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர், குடியிருப்பின் பால்கனியில் பதினோரு பெயின்ட் வாளிகளில் தக்காளி போடுகிறவர், மணல் அண்ணன். பூமி உருண்டையின் அடிப்பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும். நாங்கள் விதைக்கும்போது அவர்கள் அறுவடை முடித்துக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரே பதிவில் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிப் பேசுவதால் எது யார் சொன்னது என்று தெரியாது. அவர்கள் தலைகீழ் தம்பதி. வருடத்தில் பத்து மாதம் மழை பெய்யும் தீவு ஒன்றில் கால்நடை மருத்துவர். அவர் பதிவில் குரலைவிட மழைச் சத்தம்தான் அதிகம் கேட்கும். அவர் மழை டாக்டர். நான் வெறும் மாடி.

விரல் எண்ணிக்கையைக் குழுவுக்குக் கொண்டுவந்தது நான்தான். நான் சேர்ந்த புதிதில் எல்லோரும் கைபேசி காட்டும் வெப்பநிலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அது பிடிக்காது. அது விமான நிலையத்து வெயில், என் முட்டைக்கோஸ் என்ன விமான நிலையத்திலா இருக்கிறது என்று கேட்பார். அப்போது நான், நாங்கள் சின்ன வயதில் இப்படித்தான் மண்ணைப் பார்ப்போம் என்று சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. மணல் அண்ணனின் விரல்கள் இரும்பு பிடித்துக் காய்த்தவை, சூடும் தெரியாது சுகமும் தெரியாது என்பதால் அவர் எண்ணிக்கையில் ஐந்தைக் கழித்துக்கொள்வது என்று முடிவானது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நாங்கள் என்றால் யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. குழுவில் குடும்பக் கதை கூடாது என்பது டீச்சர் வைத்த சட்டம். காலை வணக்கப் படமும் கூடாது.

கத்தரியில் காய்ப்புழு வந்ததால் இந்தக் குழுவில் சேர்ந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புழு போய் ஒரு வருடம் ஆன பிறகும், டீச்சரின் பதிவை மட்டும் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்கிறேன் என்பதை ஒருநாள் கவனித்தேன். டீச்சர் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் என் அக்கா இருக்கிறாள். டீச்சரின் வீட்டு ஜன்னலில் தூறல் விழுந்தால் அக்காவின் ஜன்னலிலும் விழும். அங்கே காற்று அடித்தால் அக்கா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாள். அக்காவோடு பேசாமல், அக்காவைப் பற்றி யாரிடமும் கேட்காமல், அவள் தலைக்கு மேல் என்ன வானம் இருக்கிறது என்று வாரா வாரம் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடம்.

என் கணவருக்கு இது எப்போதோ தெரியும். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நின்றுபோனது எந்த இடத்தில் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "பக்கத்துல இருக்கற அக்கா நம்பரைத் தொடறதுக்கு உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வர்றியே" என்றார் ஒருநாள், காபியை ஆற்றிக்கொண்டே. கைபேசியில் என் குழுவின் பெயருக்கு அடுத்த வரியில் இருந்தது அக்காவின் பெயர். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவரும் வற்புறுத்துகிற ஆள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதக் கடைசியில், அக்கா ஒரு படம் அனுப்பினாள். அவள் வீட்டுப் பின்பக்கத்தில் பட்டாணி முளைத்திருந்தது. விரல் உயரம், பச்சைப் பசேலென்று. 'வசந்தம் வந்தாச்சு' என்று கீழே எழுதியிருந்தாள். இரண்டு நாள் கழித்து அம்மா குளியலறையில் விழுந்தாள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். முதல் வாரம் தேறிவிடுவாள் என்றார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி, தேற மாட்டாள் என்றார்கள். அக்கா அன்றே டிக்கெட் போட்டாள். ஒன்பதாம் தேதி காலை கூப்பிட்டு, பனி பெய்கிறது, ஒன்றும் நகரவில்லை, விமானம் கிளம்பாது என்றாள். வெள்ளையாக மூடிய ஜன்னல் ஒன்றின் படத்தையும் அனுப்பினாள். பதினொன்றாம் தேதி அம்மா போய்விட்டாள். அக்கா வந்து சேர்ந்தது பதினாலாம் தேதி.

வாசலில் அவள் பெட்டியோடு நின்றபோது நான் கேட்டேன்.

"முளை விட்ட மண்ணுல பனி பெய்யுமாக்கா? யாருகிட்ட கதை சொல்றே?"

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். ஐந்து நாள் இருந்தாள், என்னைத் தவிர எல்லோரிடமும் பேசினாள், போய்விட்டாள்.

எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. நான் செடி வளர்க்கிறவள். விதை முட்டாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மண் சூடாகாமல் அது வாயைத் திறக்காது. எங்கள் ஊரில் வெயில் ஏறினால் ஏறியதுதான், பின்வாங்கிப் பார்த்ததில்லை. முளைத்துவிட்டது என்றால் குளிர் போய்விட்டது, அவ்வளவுதான். ஜன்னல் படம் போன வருடத்தியது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். வேலையை விட்டு வர மனமில்லை, அல்லது அம்மாவை அந்த நிலையில் பார்க்கத் தைரியமில்லை, அதற்குப் பனி ஒரு சாக்கு. கைபேசியில் இரண்டு முறை தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று இந்த ஏப்ரல் வரைக்கும் என்னை நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இந்த ஏப்ரல் முதல் ஞாயிறன்று டீச்சர் தன் பதிவில், எண்ணிக்கை ஆறு, பட்டாணி முளைத்துவிட்டது, ஆனால் கம்பளிக் கோட்டைக் கதவுப் பக்கத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை என்றார். தலைகீழ் தம்பதி தாங்கள் அன்றுதான் கோட்டைத் தேடி எடுத்ததாகவும், அதில் பூச்சி அரித்திருப்பதாகவும், அது யார் குற்றம் என்றும் பேசிக்கொண்டார்கள். மழை டாக்டர் ஈரம் என்றார். மணல் அண்ணன்தான் கேட்டார். முளைத்த பிறகும் கோட்டு எதற்கு டீச்சர், செடிக்கே குளிரவில்லை, உங்களுக்கு என்ன என்று.

டீச்சரின் பதில் மறுநாள் வந்தது. அதை நான் மதிய இடைவேளையில் கேட்டேன்.

என் வேலை எக்ஸ்ரே அறையில். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். நாள் முழுக்க நான் பேசுவது மூன்று வாக்கியங்கள். மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. இப்ப விடலாம். நோயாளிகள் உடை மாற்றுவதற்கென்று பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பு, திரை போட்டது, உள்ளே ஒரு முக்காலி. மதியம் யாரும் வராத அரை மணி நேரம் அந்த முக்காலி என்னுடையது. சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கைபேசியைக் காதில் வைத்தேன்.

"தம்பி, முளைச்சா குளிர் போயிடுச்சுன்னு யார் சொன்னது? முளைக்கு என்ன தெரியும், அது நேத்து பொறந்தது. இங்க ரெண்டு வாரம் நல்லா வெயில் காட்டும். நாமளும் நம்பிடுவோம், விதையும் நம்பிடும். அப்பறம் ஒருநாள் கதவைத் திறந்தா முழங்கால் வரைக்கும் பனி நிக்கும். இதுக்கு நான் பொய் வசந்தம்னு பேர் வெச்சிருக்கேன். இருங்க, மூணு வருஷம் முன்னாடி வந்ததே ஒண்ணு, நோட்டை எடுக்கறேன்."

காகிதம் புரளும் சத்தம். கண்ணாடியைத் தேடி யாரையோ கேட்கும் குரல். நான் டப்பாவை மூடி வைத்தேன். பிறகு டீச்சர், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல, ஏப்ரல் ஒன்பது என்று ஆரம்பித்தார்.

நான் அதை முழுதும் கேட்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று எழுதினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஆசிரியைகளுக்கு நோட்டைக் காட்டுவதில் ஒரு பெருமை உண்டு. சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. சாய்வில்லாத, கோடு தாண்டாத கையெழுத்து.

ஏப்ரல் 9. விடியலில் இருந்து பனி. பட்டாணிப் பாத்தி தெரியவில்லை.

ஏப்ரல் 10. பனி. ரயில் இல்லை. விமான நிலையம் மூடல். ஊருக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் பாதி வழியில் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 11. பனி. கதவைத் திறக்க முடியவில்லை. மின்சாரம் இரண்டு மணி நேரம்.

ஏப்ரல் 12. மதியம் நின்றது. பட்டாணி?

ஏப்ரல் 13. சாலை திறந்தது.

ஏப்ரல் 17. பனி உருகியது. பட்டாணி உயிரோடு இருக்கிறது.

பட்டாணிக்கு அடியில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பதிமூன்றாம் தேதி சாலை திறந்திருக்கிறது. பதினாலாம் தேதி அக்கா என் வாசலில் நின்றாள். அப்படியானால் சாலை திறந்த முதல் மணி நேரத்தில் கிளம்பியிருக்கிறாள். கால் வைக்க வழி கிடைத்ததும் ஓடி வந்தவளை நான் நிறுத்திவைத்துக் கதை சொல்கிறாய் என்றேன்.

தவறு என்று தெரிந்ததும் மனிதர்கள் அழுவார்கள் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம்தான். அக்காவின் மேல் இருந்த கோபம் என்கிற சுவர் விழுந்தால், அதற்குப் பின்னால் நான் சாத்திவைத்திருந்த ஒன்று என் மேலேயே வந்து விழும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அன்றைக்குக் கைபேசியைத் தட்டிப் பார்க்கவில்லை. பனி உண்மை என்று ஆகிவிடக் கூடாதே என்று.

பதினொன்றாம் தேதி மதியம் நர்ஸ் என்னிடம், அம்மா தூங்குறாங்க, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க என்றாள். போனேன். குளிக்கவில்லை. மாடிக்குப் போனேன். மூன்று நாளாகத் தண்ணீர் காணாத கத்தரி நாற்றுகள் உச்சி வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தாறு நாற்று. ஒவ்வொன்றுக்கும் குவளையில் மொண்டு ஊற்றினேன். பதினோரு நாளில் அந்த நாற்பது நிமிடம்தான் நான் மூச்சு விட்டேன். சமையலறையில் சார்ஜில் கிடந்த கைபேசி இரண்டு முறை அடித்திருக்கிறது. கேட்கவில்லை. திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

குளிக்கப் போயிருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கணவரிடமும் அதையேதான் சொன்னேன். அம்மா போகும்போது இரண்டு மகள்களும் பக்கத்தில் இல்லை. ஒருத்தி பனியில் மாட்டிக்கொண்டாள். இன்னொருத்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பழியை ஏற்க யாராவது ஒருத்தி வராதவளாக இருக்க வேண்டியிருந்தது. அது அக்காவாக இருக்கட்டும் என்று நான் முடிவு செய்தேன்.

அன்று ராச்சாப்பாட்டின்போது கணவரிடம் இதைச் சொன்னேன். குளிக்கவில்லை என்பதை மட்டும்தான் சொன்னேன், மீதி அவருக்கே புரிந்தது. அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னா, உள்ள இருக்கறவங்க கதவை உதைப்பாங்க. பட்டனை மாத்தி மாத்தி அழுத்துவாங்க. ஒண்ணும் ஆகாது. யாராவது ஒருத்தர் மேல ஏறிப் போய்க் கையால சக்கரத்தைச் சுத்தணும். கனமா இருக்கும். ஒரு சுத்துக்கு ஒரு அங்குலம்தான் நகரும்."

"நீங்க சுத்தினா என்ன?"

"உள்ளுக்குள்ள நிக்கறது நான் இல்லையே."

இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தேன். மன்னித்துவிடு என்று தொடங்கினால் அடுத்த வரி வரவில்லை. எப்படி இருக்கிறாய் என்பது கடன்காரன் விசாரிப்பது மாதிரி இருந்தது. கடைசியில் புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனேன். தொட்டியில் விரலை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அறிக்கை எனக்குப் பேச வரும். அதையே பேசினேன்.

"அக்கா, மாடியிலேர்ந்து பேசறேன். எண்ணிக்கை முப்பது. வானம் வெளுத்துக் கெடக்கு, மேகம் இல்ல. கத்தரி பூ விட்டிருக்கு. உங்க ஊர்ல மூணு வருஷம் முன்னாடி ஏப்ரல் ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பனி பெஞ்சிருக்கு. முளைச்ச பட்டாணி மேலேயே பெஞ்சிருக்கு. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்துட்டேன்." பிறகு நர்ஸ் சொன்னது, முப்பத்தாறு நாற்று, இரண்டு முறை அடித்த கைபேசி, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் அறிக்கைக் குரலாகவே இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. டீச்சரின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அவள் கேட்டுவிட்டாள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. பதில் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது, நானும் அவர்களோடு சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை தோள் வலியோடு வந்த ஒரு முதியவர், "எவ்வளவு நேரம்மா பிடிக்கறது, சொல்லுங்க" என்று கேட்ட பிறகுதான் விடலாம் என்று சொல்ல மறந்தது தெரிந்தது.

ஞாயிறு காலை குழுவில் வழக்கம்போல அறிக்கை போட்டேன். மதியம் இரண்டு மணிக்கு, மாடித் தொட்டிகளுக்கு நிழல்வலை கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை.

வணக்கமும் இல்லை, பேரும் இல்லை. மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததன் நடுவிலிருந்து தொடங்கினாள்.

"அந்த நாலு நாளும் பெட்டியை வாசல்ல வெச்சுட்டு ஷூவைக் கழட்டாம உக்காந்திருந்தேன்டி. கழட்டினா ரோடு திறந்ததும் மாட்ட நேரம் ஆகும்னு. தூங்கறப்பவும் மாட்டிட்டுத்தான் இருந்தேன். அதைச் சொல்ல விட்டியா நீ?"

"இல்லக்கா."

"வாசல்லயே கேட்டே. உள்ள வான்னு சொல்லல."

"சொல்லல."

நிழல்வலையின் கயிறு என் கையில் இருந்தது, கட்டவும் இல்லை, விடவும் இல்லை.

"எந்த நாத்துக்கு ஊத்தினே?" என்றாள்.

"கத்தரி."

"பொழைச்சுதா?"

"பாதி."

"பின்ன? உச்சி வெயில்ல ஊத்தினா வேர் வெந்துதான் போகும். அம்மா இருந்திருந்தா அதுக்குத்தான் திட்டியிருப்பா. நீ எழுந்து போனதுக்குத் திட்டியிருக்க மாட்டா."

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. மாடிச் சுவர் ஓரமாக, எதிர்வீட்டுக்காரர்கள் துணி உலர்த்துவது தெரிந்தும், உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கமும் சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றவில்லை. அவரவர் அழுகையை அவரவர் முடித்துக்கொண்டோம்.

பிறகு அவள், கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, இன்னும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன் என்றாள். இருக்கட்டும் என்றேன். டீச்சரின் நோட்டைப் பற்றிக் கேட்டாள். யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி தன் பக்கம் சாட்சி சொல்ல மூன்று வருடமாக எழுதிவைத்திருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் பட்டாணியும் அந்த வருடம் பிழைத்துக்கொண்டதாகச் சொன்னாள். பனி போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், வெறும் காற்றுதான் கொல்லும் என்றாள். எனக்கு அது தெரியாது. எத்தனை வருடம் செடி வளர்த்தாலும், பார்க்காத வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இன்னும் விரலை விட்டு எண்ணறியா நீ?" என்றாள்.

"வாரா வாரம்."

"இரு, பின்பக்கம் போறேன்."

கதவு திறக்கும் சத்தம், சரளையில் செருப்பு மிதிபடும் சத்தம். சின்ன வயதில் இதுதான் எங்கள் பந்தயம். இரண்டு தொட்டி, இரண்டு விரல், யார் முதலில் எடுக்கிறாளோ அவள் பாத்திரம் கழுவ வேண்டும். நான் வலை போடாத ஓரத் தொட்டிக்குப் போனேன். மதிய வெயிலில் அது அடுப்பு மாதிரி இருந்தது. ஒன்று என்று அவள் சொன்னாள், இரண்டு என்று நான் சொன்னேன். அவள் மண் இன்னும் உருகி முடியாத மண். என் மண் கொதிக்கிற மண். மூன்று, நான்கு. அவள் பல்லைக் கடிப்பது கேட்டது. ஐந்து, ஆறு. ஏழில் அவள் உஸ்ஸென்று கையை எடுத்துவிட்டாள்.

"எட்டு" என்றேன் நான்.

சொல்லிவிட்டுச் சிவந்துபோன விரலை ஊதிக்கொண்டேன். பிறகு, இதையும் வைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் இருக்க முடியாது என்று தோன்றியது.

"அக்கா, நான் மூணுலயே எடுத்துட்டேன்."

"தெரியும்டி. எடுத்ததும் உன் குரல் இறங்கிடும். சின்ன வயசுலயும் அப்படித்தான். நான்தான் சொல்லாம பாத்திரம் கழுவினேன்."

"இப்ப வா, நான் கழுவறேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், எந்த மாதம் வந்தால் உங்கள் ஊரில் மனுஷி இருக்கலாம் என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு ஊரின் பருவத்தையும் பொருத்திப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் குழுதான். குடும்பக் கதை கூடாது என்பதால் சாமர்த்தியமாகக் கேட்டேன். டீச்சர் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒன்றை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது, எந்த மாதம் கொண்டுவந்தால் வாடாமல் இருக்கும் என்று. தலைகீழ் தம்பதி ஜூலை என்றும் ஜூலையே கூடாது என்றும் சொன்னார்கள். மணல் அண்ணன், எப்போது வந்தாலும் முதல் வாரம் நிழலில் வையுங்கள் என்றார். மழை டாக்டர்தான் மழைச் சத்தத்துக்கு நடுவில், "வர்றது அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

நீங்கள் சேர்ந்த அன்றைக்கே நாங்கள் என்று சொன்னீர்களே, இரண்டு வருடமாக அந்த இன்னொரு ஆள் யார் என்று காத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். மாடு பேசாது, அதனால் கவனித்துப் பழகிவிட்டது என்றும் சொன்னார்.

டீச்சர் சட்டத்தை நினைவுபடுத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பதிவு வரக் கொஞ்ச நேரம் ஆனது. நோட்டைப் புரட்டியிருக்கிறார், காகிதச் சத்தம் கேட்டது.

"டிசம்பர்ல வரச் சொல்லுங்க. இங்க மண்ணு கல்லா இருக்கும், அவங்களுக்குத் தோட்டத்துல வேலை இருக்காது. முதல் வாரத்துல கிளம்பிடணும், மூணாவது வாரம் நம்ப முடியாது. ரெண்டு நாள் கூடுதலா வெச்சுக்கிட்டு டிக்கெட் போடச் சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணினேன். எட்டு மாதம். அதற்குள் இன்னொரு தடவை கத்தரி போட்டு எடுத்துவிடலாம்.